அனுசாட் போட்டோவில் இல்லாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், ஆசிரியர்களுக்கு,

ஏப்ரல் 20 வந்தால் போதும், எங்கள் செட் வாட்ஸப் குரூப்பில் யாராவது ஒருத்தன் அந்தப் பழைய போட்டோவைப் போட்டுவிடுவான். நடுவில் பெட்டி மாதிரி அனுசாட், நம் அண்ணா பல்கலைக்கழகத்தில் செய்த செயற்கைக்கோள். சுற்றிலும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நாங்கள். எடை 40 கிலோ. அந்த வயதில் நானே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருந்திருப்பேன். 2009-ல் இதே நாள் காலை 6.45-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட் கிளம்பியது. அதில் போன 300 கிலோ ரேடார் செயற்கைக்கோள் ரிசாட்-2தான் அன்றைக்கு மாப்பிள்ளை. நம்முடையது மாப்பிள்ளைத் தோழன். ஆனாலும் இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் செய்து மேலே போன முதல் செயற்கைக்கோள் அதுதான். வருஷா வருஷம் போட்டோவுக்கு இதயம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதில் இல்லாத உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒயரிங் அண்ணே, உங்களுக்கு. பற்றவைப்பு என்றால் ஈயத்தை உருக்கி ஒட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்த என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, லென்ஸ் வழியே ஒரு மூட்டைக் காட்டினீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "மேல பளபளப்பு இல்ல பாரு, இது ட்ரை சால்டர். இங்க டேபிள்ல வேலை செய்யும். ராக்கெட் ஆட்டுற ஆட்டத்துல விட்டுப்போயிடும்" என்றீர்கள். உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னீர்கள். நான் ஆறு தடவை வைத்தேன். ஏழாவது தடவை நீங்களே வைத்துவிட்டு, "போய் டீ குடிச்சிட்டு வா தம்பி" என்று அனுப்பினீர்கள். மேலே போனது உங்கள் மூட்டு. அதை இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ரிவியூவுக்கு வந்த இஸ்ரோ சாருக்கு. நாங்கள் ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டி முடித்ததும், "இது கெட்டுப்போச்சுன்னா?" என்று ஒரே கேள்வி. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அதே கேள்வி. அப்போது உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது என் ஜூனியர்களிடம் நானும் அதையேதான் கேட்கிறேன், சார். அவர்கள் முறைக்கிறார்கள்.

அடுத்து, அனுசாட்டோடு ரேடியோவில் பேசிய குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துத் தரைநிலையம். வெளியாட்கள் கேட்டால் "சாட்டிலைட்டை ஓட்டினோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். உண்மையில் காத்துக்கிடந்ததுதான் அதிகம். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு பூமியை ஒரு சுற்றுச் சுற்றும். சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 41 டிகிரி சாய்ந்திருந்ததால் நம் தலைக்கு மேலே சில தடவை அடுத்தடுத்து வரும், பிறகு பல மணி நேரம் ஆளைக் காணோம். வந்தாலும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். அதற்குள் பேட்டரி வோல்டேஜ், வெப்பநிலை எல்லாம் வாங்கியாக வேண்டும். அதன் நினைவகத்தில் ஒரு செய்தியை ஏற்றிவிட்டால் சுமந்துகொண்டுபோய் வேறொரு இடத்தில் இறக்கிவிடும், அந்தக் காலத் தபால்காரர் மாதிரி. அதைச் செய்துபார்க்கத்தானே இத்தனை பாடும்!

நேரமும் நாளுக்கு நாள் நகரும். இன்றைக்குச் சாயங்காலம் வந்தது சில வாரங்களில் நள்ளிரவுக்கோ விடியற்காலைக்கோ போய்விடும். நிலையத்தில் முறைவைத்து விழித்திருந்த அத்தனை பேருக்கும், கேட்டைத் திறந்துவிட்டு "இன்னிக்கு எத்தனை மணிக்குப்பா வருது?" என்று சொந்தக்காரர் வருகையை விசாரிப்பதுபோல விசாரித்த வாட்ச்மேன் ஐயாவுக்கும் நன்றி. அம்மாவுக்கும். "ராத்திரி முழுக்க அங்க என்னடா வேலை" என்பதை மூன்றாவது மாதத்தோடு நிறுத்திவிட்டு, தூக்கில் தயிர்சாதம் கட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

நம்மோடு சேர்ந்து கேட்ட ஹாம் நண்பர்களையும், அதாவது பொழுதுபோக்காக ரேடியோ வைத்திருந்தவர்களையும், விட முடியாது. 137 மெகாஹெர்ட்ஸில் எங்கள் பெட்டியின் குரலைப் பிடிப்பதில் அவர்களுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. மொட்டைமாடி ஆன்டெனாவைத் திருப்பிவைத்துக்கொண்டு கேட்டார்கள்.

2012 ஏப்ரல் 18 அன்று அனுசாட் காற்றுமண்டலத்துக்குள் இறங்கி எரிந்துபோனது. மூன்று வருஷம் நிறைய இரண்டே நாள் பாக்கி.

கடைசியாக, ஆராய்ச்சி மாணவியாக இருந்த அக்காவுக்கு. அனுசாட் நம் தலைக்கு மேலே கடந்துபோவதைப் பாஸ் என்போம். ஒரு விடியற்காலை பாஸ் என் பொறுப்பில் இருந்தது. மேஜைமேல் தலையைச் சாய்த்தவன் எழுந்தபோது வெளிச்சம் வந்திருந்தது, காகம் கத்திக்கொண்டிருந்தது. லாக் புத்தகத்தைப் பதறிப்போய்த் திறந்தால், உங்கள் கையெழுத்தில் எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தன. குறிப்புக் கட்டத்தில், "தம்பி சாப்பிடப் போயிருக்கிறான்" என்று எழுதியிருந்தீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு! அதைப் படித்தவர்கள் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

நான் தூங்கிவிட்டேன், அக்கா.

இப்படிக்கு,
உங்கள் தம்பி