தனியே மலைக்கு வருகிறவர்களைப் பத்திரமாக அனுப்பி வைக்கிறவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இலங்கை மலைநாட்டில், கண்டியிலிருந்து பதுளை வரைக்கும், அட்டனிலிருந்து நல்லதண்ணி வரைக்கும், முதுகில் ஒரு பையோடு தனியே வருகிறவர்களுக்கு வழி சொல்கிறவர்கள் நாங்கள். கேட்கிறவர்களில் பலர் இளம் பெண்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி நீங்கள் சொல்லித்தந்தது. எந்தக் கோச்சி (ரயில்) கண்டிக்குள் வராது, எந்த மலையில் குளவி கிளம்பியிருக்கிறது, எந்தக் குளக்கரையில் கால் வைக்கக்கூடாது என்பதெல்லாம் வரைபடத்தில் கிடைக்காது. அதற்காகவே இந்த மடல்.

முதலில் நிலைய அதிபர்களுக்கும் டிக்கெட் கொடுப்பவர்களுக்கும். கொழும்பிலிருந்து வரும் வண்டிகளில் சில கண்டிக்குள் நுழையாமல் பேராதனைச் சந்தியிலிருந்தே மலையேறிவிடும். அது தெரியாமல் கண்டி மேடையில் காத்திருந்தால் அன்றைய பயணம் போயிற்று. "பேராதனைக்குப் போய் ஏறுங்க" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை ஒரு நாளைக் காப்பாற்றுகிறது. வண்டி ஏன் தாமதம் என்று கேட்கிறவர்களுக்கும் பொறுமையாக விளக்குகிறீர்கள். மலைப்பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டி ஒதுங்கி, டப்லட் என்ற அனுமதி அடையாளம் கைமாறிய பிறகுதான் சாரதி அடுத்த நிலையத்துக்குப் புறப்படலாம். ஒரு வண்டி பிந்தினால் எதிரில் வருவதும் பிந்தும். அதனால்தான் மாலை வண்டியில் நானுஓயாவில் இறங்கி, கடைசி பஸ்ஸைப் பிடித்து நுவரெலியா போகலாம் என்று கணக்குப் போடாதே என்கிறீர்கள். இடையில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் இருக்கிறது. இருட்டிலும் குளிரிலும் பேரம் பேசும் நிலையில் யாரும் இருப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் இறங்கும்படி வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி இப்போது எல்லோருக்கும் சொல்கிறோம்.

மிதிபலகையில் தொங்குகிறவர்களைச் சத்தம் போட்டு உள்ளே இழுக்கும் கார்ட்மாருக்குத் தனியாக ஒரு நன்றி. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலான சிங்கமலைச் சுரங்கத்திலும், மலையை வெட்டிய இடங்களிலும் பாறை பெட்டியை ஒட்டியே இருக்கிறது. படம் எடுக்க நீட்டிய தலைக்கு அங்கே இடமில்லை. 1921இல் கட்டிய தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தருகே இளநீரும் தேத்தண்ணியும் விற்கிறவர்களும் இதே காவலைச் செய்கிறார்கள். பாலம் 91 மீற்றர் நீளம், அதுவும் வளைந்தது. கோச்சியைக் கண்ட பிறகு ஓடலாம் என்று நினைப்பது தவறு. வண்டி பிந்தும் நாளில் அட்டவணையும் உதவாது; உங்கள் குரல்தான் உதவுகிறது.

பஸ் கொண்டக்டர் அண்ணன்மாரே, இறங்கும் இடத்தின் பெயரை ஏறும்போதே கேட்டு வைத்து, வளைவுக்கு முன்பே கூப்பிடுகிறீர்கள். றம்பொடைப் பாதையில் தலைசுற்றுகிறவர்களை முன்பக்கம் உட்காரவைக்கிறீர்கள். 20, 50, 100 ரூபாய்த் தாள்களோடு வந்தால் உங்களுக்கு எவ்வளவு இலகு என்பதையும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தோட்டத்து அக்காமாருக்குத்தான் மிகப் பெரிய கடன். கொழுந்து மலைக்குள் இறங்கும் பாதை தோட்டத்துக்குச் சொந்தமானது, கேட்டுவிட்டு நடக்கவேண்டும், மருந்து அடித்த மலையில் செடியைத் தொடக்கூடாது என்று சொல்லித்தந்தது நீங்கள். "அந்தப் பக்கம் போவாத தங்கச்சி, குளவி கெளம்பியிருக்கு" என்று நீங்கள் தடுத்தால் அது வெறும் பயமுறுத்தல் அல்ல. தோட்டத்தில் குளவி என்பது பெரும்பாலும் மலைத்தேனீ. காற்றோ பருந்தோ கூட்டைக் கலைத்தாலே போதும், கொழுந்து பறிக்கிறவர்கள் மொத்தமாக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வருகிறது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு மலைக்குள் வரக்கூடாது. மரத்திலோ பாறையிலோ தொங்கும் கூட்டுக்குக் கல் எறியக்கூடாது, கிட்டே புகை போடக்கூடாது. கலைந்துவிட்டால் கையை வீசாமல், துணியால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓடி, கதவு உள்ள இடத்துக்குள் போய்விட வேண்டும். நசுக்கிய பூச்சியின் மணம் மற்றவற்றையும் அழைத்துவரும். உடம்பில் நிற்கும் கொடுக்கை உடனே எடுக்கவேண்டும். மூச்சு முட்டினாலோ, உதடு வீங்கினாலோ, பல இடத்தில் கொட்டியிருந்தாலோ 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கவேண்டும். தனியே வருகிறவர் மயங்கினால் அழைக்க ஆளில்லை என்பதால், மலைக்குள் போகுமுன் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறோம். அப்படிச் சொன்னவர் திரும்பி வந்தாரா என்று மாலையில் பார்க்கிறீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அட்டைக்கும் உங்கள் வைத்தியமே நல்லது: கணுக்காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக் காயவிடுவது, கையில் கொஞ்சம் உப்பு. பிய்த்து எறியாமல், ஒட்டிய வாயை நகத்தால் பக்கவாட்டில் தள்ளவேண்டும். இரத்தம் உறையாதிருக்க அது ஒன்றைச் செலுத்துவதால் காயம் வெகுநேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

காசல்ரி, மவுசாகலை நீர்த்தேக்கக் கரைகளில் குளிக்கவிடாமல் தடுக்கிறவர்களுக்கும் நன்றி. அங்கே குளமாகத் தெரிவது மூழ்கிய பள்ளத்தாக்கு. மவுசாகலையில் நீர் வற்றினால் பழைய மஸ்கெலியாவின் கோயிலே வெளியே தெரியும். கரையில் காய்ந்ததுபோல் கிடக்கும் சேறு இடுப்புவரை இழுக்கும். அடியில் மரக்கட்டைகளும் சுவர்களும் உண்டு. அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் சைரன் கேட்டால் சாமானை விட்டுவிட்டு மேலே ஏறவேண்டும். கண்டி வாவியையும் நுவரெலியாவின் கிரகரி வாவியையும் சுற்றி நடப்பது இலகு. இருட்டுமுன் முடித்துக்கொண்டால் போதும்.

மழையைப் பற்றி மரக்கறி லொறிக்காரர்களைவிடச் சரியாகச் சொல்கிறவர் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அட்டனும் நுவரெலியாவும் நனையும்போது, பட்டிப்பொல தாண்டினால் பண்டாரவளை பெரும்பாலும் காய்ந்திருக்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் நனையும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழைதான் ஆபத்து. அந்த நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைப் பார்க்காமல் புறப்படக்கூடாது: மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் வெளியேற்றம். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றை முதலில் காண்பவர்களும் ஊர்க்காரர்களே.

தம்பேதன்ன தொழிற்சாலைவரை பஸ்ஸில் போய், அங்கிருந்து லிப்டன் சீட் என்ற காட்சி முனைக்கு ஏழு கிலோமீற்றர் ஏற்றம். "ஆட்டோவில் ஏறு, இறங்கும்போது நட" என்று சொன்ன அப்புத்தளை ஆட்டோ அண்ணன்மார், வருமானத்தில் ஒரு பாதியை விட்டுக்கொடுத்துத்தான் அதைச் சொல்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முன்கூட்டியே கூலி பேசுவது இருவருக்கும் நல்லது.

நல்லதண்ணிக் கடைக்காரர்களே, டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) மே மாத வெசாக் வரை உங்கள் விளக்குகளும் சூடான பிளேன்டியும் இருக்கும் காலத்தில்தான் சிவனொளிபாத மலைக்குத் தனியே வரச் சொல்கிறோம். பருவம் முடிந்தால் வெளிச்சமும் இல்லை, விழுந்தவரைக் காண ஆளும் இல்லை. வியர்த்த உடுப்போடு 2,243 மீற்றர் உச்சியில் விடியும்வரை நின்றால் நடுங்கும். காய்ந்த சட்டை ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துவரச் சொன்னதும் நீங்கள்தான்.

கேட்காமலே கழிவறைச் சாவியைக் கையில் கொடுக்கும் பேக்கரி அம்மாமாருக்கும் பெற்றோல் செட் தம்பிமாருக்கும் கோயில் ஐயாமாருக்கும் பெண்கள் எல்லோர் சார்பிலும் நன்றி. எந்தெந்த ஊரில் சுத்தமான கழிவறை எங்கே இருக்கிறது என்பதே எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. உங்கள் ஊரில் இடம் மாறியிருந்தாலோ பஸ் நேரம் மாறியிருந்தாலோ எங்களுக்கும் சொல்லிவிடுங்கள். அடுத்து வருகிறவருக்குச் சரியாகச் சொல்லவேண்டும்.

நன்றியுடன்,
மலைக்குத் தனியே வருவோருக்கு வழி சொல்லும் நாங்கள்