மெஷின் நின்றால் கையால் வாங்குங்கள்

டப்ளின் நகரத்து சூப்பர்மார்க்கெட் மேலாளர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை கொட்டும் மழையில், பாட்டிலுக்கும் கேனுக்கும் கட்டியிருந்த டெபாசிட்டை உங்கள் மெஷினில் போட்டுத் திரும்ப வாங்க, இரண்டு பை நிறையக் காலி பாட்டில்களோடு உங்களில் ஒருவருடைய கடைக்கு வந்தேன். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள்.

பையில் 30 கேன், 10 பெரிய பாட்டில். 500 மில்லிலிட்டர் வரை 15 சென்ட், அதற்கு மேல் 25 சென்ட். ஆக 7 யூரோ. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே இருக்கும் தொட்டி நிரம்பிவிட்டதாம். உதவிக்கு வந்த பையன் "இப்போ சரியாகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான், திரும்பவில்லை. வரிசையில் ஒரு பாட்டி, தள்ளுவண்டி நிறைய கேன்களோடு. கோபப்படுவார் என்று பார்த்தால் "இட்ஸ் கிராண்ட்" என்று புன்னகைத்துவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். அயர்லாந்தில் இந்தச் சொல்லுக்கு எத்தனையோ அர்த்தம் உண்டு. அன்றைக்கு அது "நன்றாக இருக்கிறது" என்ற அர்த்தத்தில் வரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நானும் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பினேன். லீப் கார்டு என்ற பயண அட்டையில் 2 யூரோ கொடுத்தால் 90 நிமிடத்துக்குள் பஸ் மாறிக்கொள்ளலாம். அந்த 90 நிமிடமும் உங்கள் வாசலிலேயே தீர்ந்துவிட்டதால் திரும்பும்போது இன்னொரு 2 யூரோ. 7 யூரோ வாங்கப் போனவன், 4 யூரோ செலவழித்து அதே பைகளோடு வீட்டுக்கு வந்தேன்.

திட்டத்தைக் குறை சொல்லவில்லை. 2002-இல் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டு ஊரையே துணிப்பைக்கு மாற்றிய நாடு இது. 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி பாட்டில் டெபாசிட் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். பழகத்தான் கொஞ்ச நாள் ஆனது. இந்தியாவில் தண்ணீர் பாட்டிலிலேயே "குடித்ததும் நசுக்கிவிடவும்" என்று அச்சடித்திருப்பார்கள். அந்தக் கைப்பழக்கம் இங்கே ஆகாது, நசுங்கிய பாட்டிலை மெஷின் துப்பிவிடும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு யூரோவுக்கு மேல் நஷ்டம் வைத்தார். அது எங்கள் தப்பு, சரி.

ஆனால் மெஷின் நிரம்புவது எங்கள் தப்பு இல்லையே. டெபாசிட் என்பது நீங்கள் கொடுக்கும் தள்ளுபடி இல்லை. பில் போடும்போதே எங்களிடம் வாங்கி வைத்த பணம். திரும்ப வாங்கும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கேனுக்கும் உங்களுக்குக் கையாளும் கட்டணமும் கிடைக்கிறது. அப்படியிருக்க, மெஷின் நின்ற நாளில் ஒருவர் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு கையால் எண்ணி வாங்கினால் என்ன? நீலகிரியில் 2022-இலிருந்து டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டிலைக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கொடுக்கிறார்கள்.

அதற்கு ஆள் இல்லை என்றால், தொட்டி நிரம்பியதை வாசலுக்கு வெளியே ஒரு அட்டையில் எழுதியாவது மாட்டுங்கள். பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வோம். அப்புறம், கூட்டம் சனிக்கிழமைதான் வரும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரியே தொட்டியைக் காலி செய்துவிடுங்கள்.

என் பால்கனியில் இப்போது அந்த 40-உடன் இன்னும் 12 சேர்ந்திருக்கின்றன. வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பைகளோடு வரிசையில் நின்றவன்