மேஸ்திரியின் பெட்டிக்கு விலை

மாப்ள,

கோவித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். மூன்றாவதை என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டாள். "சிங்கப்பூர் மாமா நல்லாத்தான் திட்டுறாங்க" என்கிறாள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. வேலை உண்டு, பணம்தான் வர மாட்டேன் என்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு மேஸ்திரி வீட்டு அக்கா கூப்பிட்டு அனுப்பினார். நம் மேஸ்திரி இறந்துபோய் ஐம்பது நாள் ஆகிவிட்டது. நீ வர முடியாமல் போனதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். போனபோது அவர் மிஷின்களை வைத்திருந்த அந்தப் பச்சைத் தகரப் பெட்டியை இழுத்துத் திண்ணையில் வைத்திருந்தார். "பழைய சாமான் எடுக்கிறவர் ஒருத்தர் வந்தாரு கண்ணு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒன்பதாயிரம்னு சொன்னாரு. குடுத்துடட்டுமா?" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. குடுக்காதீங்க என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் எவ்வளவு என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு வாரமாக அந்தப் பெட்டியோடுதான் குடித்தனம்.

உனக்கு என் பழைய கதை தெரியும். ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் பேட்டரி டிரில் ஒன்று 'அள்ளிக்கொண்டு' வந்தேனே, பெருமையாக உனக்குப் போட்டோகூட அனுப்பினேன். பேட்டரியில் '48 வோல்ட்' என்று ஸ்டிக்கர். நாலு அலமாரிக் கதவு மாட்டுவதற்குள் படுத்துவிட்டது. மேஸ்திரி அதை வாங்கிப் பார்த்தார். எதுவும் பேசாமல் எதிர் மளிகைக்கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தார். 380 கிராம். பிறகு தன்னுடைய 5 ஆம்பியர் பேட்டரியை வைத்தார். 600 கிராமைத் தாண்டியது. "உன்னுதுல அஞ்சு செல்லு, என்னுதுல பத்து. மிச்ச இடத்துல காத்து இருக்குது" என்றார். அவ்வளவுதான் பாடம்.

அந்தக் கணக்கை இப்போது உட்கார்ந்து யோசித்தால் எவ்வளவு சுலபம் என்று தோன்றுகிறது. லித்தியம் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18. மேஸ்திரியுடைய பத்தும் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கோத்த ஐந்து ஜோடிதான், அதுவும் 18. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் செல்லுக்கு 4.2 வரை போகும், அப்போது 21. அதனால் 18 என்று ஒரு கம்பெனி எழுதுவதும் 20 என்று இன்னொன்று எழுதுவதும் 21 என்று பெயர் தெரியாத பெட்டியில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே ஐந்து செல்தான். இருபது பெரிதா பதினெட்டு பெரிதா என்று நாம் டீக்கடையில் சண்டை போட்டோமே, இரண்டு பேரும் மடையர்கள். 48 வோல்ட் வேண்டுமென்றால் பதின்மூன்று செல்லாவது வரிசையாக நிற்க வேண்டும். அந்தச் சின்ன டப்பாவில் அதற்கு எங்கே இடம்?

சரி, பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்கிறேன். எல்லாம் மக்கிட்டா கம்பெனி, 18 வோல்ட். ஒரு ஹேமர் டிரில், ஸ்க்ரூ இறக்கும் இம்பேக்ட் டிரைவர் ஒன்று, ஒரு நாலு இஞ்ச் கிரைண்டர், 5 ஆம்பியர் பேட்டரி இரண்டு, சார்ஜர் ஒன்று. அடியில் துணியில் சுற்றி அந்தக் காலத்து 12 வோல்ட் டிரில். ஆமாம், அதேதான். நீ சாரத்திலிருந்து கீழே போட்டது.

ஓரத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் எல்லாவற்றுக்கும் பில், ரப்பர் பேண்ட் போட்டு. இந்த மனிதரை என்ன சொல்வது! பில் இருந்தால் விலை கூடும், தெரியும்தானே. பழைய சாமான் கடையில் சார்ஜரும் இல்லாமல் பில்லும் இல்லாமல் புத்தம்புது டிரில் ஒன்று கிடந்தால், அது ஏதோ ஒரு சைட்டிலிருந்து கால் முளைத்து வந்தது என்று அர்த்தம். எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் தொடுவதில்லை. நாளைக்கு நம்முடையதும் அப்படித்தான் நடந்து போகும்.

முதலில் பேட்டரி. ஏனென்றால் ஏமாற்றம் முழுவதும் அங்கேதான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சார்ஜ் ஏற்றியபின் இரண்டும் இருபதரைக்கு மேல் காட்டின. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. சும்மா இருக்கும்போது எந்தக் கிழட்டு பேட்டரியும் நல்ல வோல்ட்தான் காட்டும் மாப்ள, சுமை ஏற்றினால்தான் சாயம் வெளுக்கும். கார் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட், இரண்டை வரிசையாகச் சேர்த்து மாட்டினேன். சுமார் ஒன்றரை ஆம்பியர் இழுத்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். 15 வோல்ட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும், அதற்குக் கீழே விட்டால் செல் கெட்டுப்போகும். முதல் பேட்டரி இரண்டு மணி ஐம்பது நிமிடம் தாங்கியது. ஆம்பியரை நேரத்தால் பெருக்கினால் நாலேகால் ஆம்பியர்-மணி. நாம் 5 ஆம்பியர் பேட்டரி என்று சொல்வதும் இந்த ஆம்பியர்-மணிதான். அஞ்சுக்கு நாலேகால், இந்த வயதில் ராஜா. இரண்டாவது ஐம்பத்தைந்து நிமிடத்தில் விழுந்துவிட்டது. ஒன்றரைகூட இல்லை. உள்ளே ஏதோ ஒரு ஜோடி செல் செத்துக்கொண்டிருக்கிறது, அது மற்ற நான்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

ஏறக்குறைய நாலு மணி நேரம் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு என் மனைவி என்ன சொன்னாள் என்று எழுத மாட்டேன்.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். பழைய பேட்டரி மிஷின் வாங்கும்போது, பேட்டரியின் விலையைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும். சோதித்துப் பார்த்து நன்றாக இருந்தால் அதற்குத் தனியாகக் கொடு. மிஷின் பத்து வருடம் உழைக்கும், பேட்டரி வேலை செய்தாலும் வயதாகும், சும்மா பரணில் கிடந்தாலும் வயதாகும். "வாங்கி ரெண்டு வருஷம், யூஸே பண்ணலை" என்று ஒருவன் சொன்னால் நமக்கு அது நல்ல செய்தி இல்லை. சார்ஜ் இறங்கிப்போய் இரண்டு வருடம் கிடந்தது என்றுதான் பாதி நேரம் அர்த்தம். அப்படிப்பட்டதைச் சார்ஜரும் ஏற்றுக்கொள்ளாது. கம்பியை வைத்து முட்டுக்கொடுத்து உயிர்ப்பிக்கிறேன் என்று சிலர் வீடியோ போடுகிறார்கள். வீடு எரிந்தால் அந்த வீடியோக்காரன் வருவானா?

இன்னொன்று. அந்தப் பேட்டரி இன்றைக்குக் கடையில் புதிதாகக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேஸ்திரியுடைய வரிசை 2005-ல் வந்தது, இன்னும் பேட்டரி விற்கிறார்கள். அதனால் அந்த மிஷின்களுக்கு உயிர் இருக்கிறது. ஆனால் 18 என்று எழுதியிருந்தால் எல்லாம் பொருந்தும் என்று நினைக்காதே. பாஷ் கம்பெனியில் நீல மிஷினின் 18 வோல்ட் பேட்டரி பச்சை மிஷினுக்குப் போகாது. இது தெரியாமல் நம் சிங்காநல்லூர்க்காரன் நீலத்துக்குப் பச்சைப் பேட்டரி வாங்கி வந்து, உள்ளே போகவில்லை என்று உளி வைத்துச் செதுக்கினான். பொய்யில்லை, செதுக்கினான்.

அடுத்து மிஷின். டிரில்லில் நீளமான நேர் பிட் ஒன்றைப் போட்டு மெதுவாகச் சுற்றவிட்டேன். நுனி லேசாக வட்டம் போட்டது. ஐயோ என்றிருந்தது. பிட்டைக் கவ்வும் 'சக்'கைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், தண்டு அசையவில்லை. அப்படியென்றால் பேரிங் நன்றாக இருக்கிறது, சக் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. சக் மாற்றிக்கொள்ளலாம், சில நூறு ரூபாய் சமாச்சாரம். தண்டே ஆடினால் கியர் பெட்டிவரை செலவு போகும். டிரிக்கரை மெல்ல அழுத்தினால் ஊர்ந்து ஆரம்பித்துச் சீராக வேகம் ஏறியது. காற்றுப்போகும் துளையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். கருகல் வாசனை இல்லை, வேப்பமரத் தூள் வாசனைதான் அடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் மாப்ள.

கிரைண்டர் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார். உள்ளே சின்னச் சின்ன நீலப் பொறி பறந்தது, அது பரவாயில்லை. சுற்றிலும் ஆரஞ்சு வளையமாக எரிந்தால்தான் ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுற்றுகிற பாகம், போச்சு. இதற்குக் கார்பன் மாற்றினால் போதும். டிரில்லும் இம்பேக்டும் கார்பன் இல்லாத மோட்டார், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் உள்ளே இருக்கும் போர்டு போய்விட்டால் ரிப்பேர் செலவைக் கேட்டு நாமே கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். அதனால் அந்த மாதிரி மிஷினில் தண்ணீர் இறங்கிய தடம் இருக்கிறதா, பேட்டரி சொருகும் இடத்தில் பித்தளை பச்சை பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சுத்தம்.

காந்திபுரத்தில் ஒரு கடையில் போய்ப் புது விலை கேட்டேன். தனித்தனியாகக் கூட்டினால் தலை சுற்றுகிறது. ஆனால் டிரில்லும் இம்பேக்டும் இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்த காம்போ பெட்டி 29,000-க்குத் தருகிறேன் என்றார்கள். இங்கேதான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். விற்கிறவன் தனித்தனி விலையைக் கூட்டி அதில் பாதி கேட்பான். வாங்குகிறவன் காம்போ விலையைத்தான் நினைப்பான். காம்போவில் பாதிக்கு மேல் யாரும் தர மாட்டார்கள், நானே தர மாட்டேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "உங்க மேஸ்திரி இருந்தா உன்னைய விட ஆயிரம் கம்மியாத்தான் சொல்லியிருப்பாரு" என்று சிரித்தார். ஐம்பது நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு தாளில் எழுதினேன். டிரில் 5,500. கிரைண்டர் 3,000. நல்ல பேட்டரி 3,500. கெட்ட பேட்டரிக்கு ஒன்றுமில்லை, கெட்டது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சார்ஜர் 1,500.

இம்பேக்ட் டிரைவருக்கு நேரே ஒரு விலை எழுதினேன். எழுதிவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அது எனக்கு வேண்டும். எட்டு வருடமாக அதை அவர் கையில் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். எழுதிய விலை, வாங்குகிறவன் விலை. பாடியில் கீறல், ரப்பர் தேய்மானம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக் குறைத்திருக்கிறேன். ஒன்பதாயிரம் சொன்ன ஆளைத் திட்டிவிட்டு வந்தவன் நான். காலையில் அடித்துவிட்டுக் கூட்டி எழுதினேன். அது வீராப்பு விலையாக இருந்தது, அதையும் அடித்தேன். இப்போது அந்த இடம் காலி.

அதனால் நீதான் சொல்ல வேண்டும். நான் எழுதிய இரண்டு எண்ணையும் உனக்குச் சொல்லப்போவதில்லை. வீடியோ தனியாக அனுப்பியிருக்கிறேன். பிட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டியிருக்கிறேன், தேக்குக் கட்டையில் 75 மில்லி ஸ்க்ரூ பத்து இறக்கியிருக்கிறேன். சத்தத்தை ஹெட்போன் போட்டுக் கேள். உனக்கு அது தேவையில்லை, உன் வாயில் வருவது நியாயமாக இருக்கும். நீ சொல்வதைக் கொடுத்து எடுத்துக்கொள்வேன், ஒரு ரூபாய் பேரம் பேச மாட்டேன்.

உன் விஷயம். ரூமில் ஊருக்குப் போகிறவர் விற்கும் செட்டை வாங்கலாமா என்றாயே. சார்ஜர் அங்கேயும் 230 வோல்ட்தான், இங்கே ஓடும். உன் அத்தான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சார்ஜர் பிளக்கில் சொருகியதும் புகை விட்டதே, அது 120 வோல்ட். ஆனால் பேட்டரி 6 ஆம்பியர் என்று சொல்கிறாய். 18-ஐ ஆறால் பெருக்கு, 108 வாட்-மணி. விமானத்தில் 100 வரைதான் கேட்காமல் கொண்டுவர முடியும், அதற்கு மேல் 160 வரை ஏர்லைன்ஸிடம் அனுமதி வாங்க வேண்டும். 5 ஆம்பியர் என்றால் 90, பிரச்சினை இல்லை. எதுவானாலும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதே. தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கு.

அந்த 12 வோல்ட் டிரில்லுக்கும் அக்கா விலை கேட்டார். நிக்கல்-காட்மியம், 1.2 வோல்ட் செல் பத்து, எல்லாம் கசிந்து வெள்ளை பூத்திருக்கிறது. ஐரோப்பாவில் இந்த மாதிரிக் கருவிகளுக்கு அந்த பேட்டரியைப் புதிதாக விற்பதற்கு இருந்த விலக்கே 2016-ன் கடைசியோடு முடிந்துவிட்டது. பேட்டரி மாற்றினால் டிரில்லை விட அதிகம் ஆகும். ஒன்றும் தேறாது அக்கா என்றேன். அவர் அதை மறுபடி துணியில் சுற்றி, "அப்ப அவனுக்கு எடுத்து வெச்சுடு" என்றார். பேட்டரியைக் கழற்றிவிட்டேன், காட்மியம் விஷம், குப்பையில் போடாமல் தனியாக வைத்திருக்கிறேன். உடைந்த கைப்பிடியில் மேஸ்திரி சுற்றிய இன்சுலேஷன் டேப் அப்படியே இருக்கிறது. தையில் வரும்போது எடுத்துக்கொள்.

பழைய சாமான்காரர் வெள்ளிக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார். வியாழன் ராத்திரிக்குள் அந்த ஒரு எண்ணை அனுப்பு.

உன்
மாப்ள