பசை கலக்கும் முன்

அன்புள்ள கண்ணா,

சொந்தமாக ஒரு மரப்படகு கட்டப்போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீ கேட்டிருந்ததற்கெல்லாம் போனில் பதில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். இதை வேலை நடக்கும் இடத்திலேயே வைத்துக்கொள். அழுக்கானால் ஆகட்டும்.

முதலில் எந்தப் படகு என்று முடிவு செய்வோம். நீ அனுப்பிய படத்தில் இருப்பது சீடர் என்ற மரத்தில் அறுத்த மெல்லிய பட்டைகளை ஒட்டிக் கட்டியது. அழகில் அதற்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அச்சுச் சட்டங்களை வரிசையாக நிறுத்த வேண்டும். விரல் அகலப் பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்ட வேண்டும். பிறகு முழுவதையும் இழைத்து, உள்ளும் புறமும் கண்ணாடியிழைத் துணி போர்த்த வேண்டும். இழைப்புளி இன்னும் கைக்குப் பழகாத ஒருவனுக்கு அது பாதியில் நின்றுபோகக்கூடிய வேலை. உன் இரண்டாவது படகு அதுவாக இருக்கட்டும்.

ஒரே மரத்தைக் குடைந்தால் என்ன என்றும் கேட்டிருந்தாய். மனிதன் செய்த படகுகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது அப்படிக் குடைந்ததுதான். நெதர்லாந்தில் பெஸ்ஸே என்ற ஊருக்குப் பக்கத்தில், 1955-இல் நெடுஞ்சாலைக்காகத் தோண்டியபோது கிடைத்தது. ஒற்றைப் பைன் மரம், நீளம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, வயது சுமார் பத்தாயிரம் ஆண்டு. இரும்பைப் பார்த்தே இராதவர்கள் செய்திருக்கிறார்களே, நம்மால் முடியாதா என்று தோன்றும். அவர்கள் மரத்தோடு பிறந்து வளர்ந்தவர்கள். பச்சை மரம் காயும்போது எங்கே வெடிக்கும், எவ்வளவு கனம் விட்டால் தாங்கும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். நாம் அதைப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ள முடியாது.

ஆகவே உனக்கு நான் சொல்வது, பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எபாக்சி என்ற, இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பசையால் நிரப்பி ஒட்டும் முறை. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னெலும் மிரர் என்ற சின்னப் பாய்ப்படகை இப்படித் தைத்து ஒட்டும் முறையில் வடிவமைத்தார்கள். தச்சு வேலை தெரியாத குடும்பங்களும் வீட்டிலேயே கட்டலாம் என்பதுதான் அதன் நோக்கம். இதுவரை 70,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். உன் துடுப்புப் படகு அதைவிட எளிது: அடிப்பலகை ஒன்று, பக்கப்பலகை இரண்டு, அவ்வளவுதான்.

இந்த வேலையில் ஒரே ஒரு கோடு உண்டு, அதுதான் பசை. அதற்கு முன்னால் செய்வது எதையும் பிரிக்கலாம், திருத்தலாம், திரும்பக் கட்டலாம். பசை இறுகிய பிறகு என்ன வடிவம் இருக்கிறதோ அதுதான் படகு. புதிதாகக் கட்டுகிறவர்கள் பலரும் முன்பாதியில் அவசரப்பட்டுவிட்டு, பின்பாதியில் உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோகிறார்கள். நீ முன்பாதியில் தாராளமாக நேரம் எடுத்துக்கொள்.

வரைபடம் கைக்கு வந்ததும் மரத்தைத் தொடாதே. அதே அளவுகளைப் பத்தில் ஒரு பங்காக்கி, கெட்டி அட்டையில் வெட்டி, ஓரங்களை நாடாவால் ஒட்டிப் பார். தட்டையாக வெட்டிய மூன்று துண்டு, ஓரத்தோடு ஓரம் சேரும்போது தானாக வளைந்து படகாக எழும்பும். பக்கப்பலகையின் அடி ஓரத்தை ஏன் அவ்வளவு வளைவாக வரைந்திருக்கிறார்கள் என்பது அப்போது புரியும். நடுவில் பக்கங்களை விரித்தால் முனைகள் மேலே தூக்குவதையும், நெருக்கினால் இறங்குவதையும் கண்ணால் பார்ப்பாய். முனைகள் தூக்கிய படகு சட்டென்று திரும்பும், அடி நேராக இருந்தால் நேரே ஓடும். இதை அட்டையில் பார்த்துவிட்டவனுக்குப் பெரிய படகில் தடுமாற்றம் வராது.

பலகை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டிய மரைன் பிளைவுட், 6 மில்லிமீட்டரில் இரண்டு தாள் போதும். ஓரத்தை உற்றுப் பார், அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் வாங்காதே. ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேகவிட்டு, காய வைத்து, மறுபடி வேகவிடு. அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பலகை படகுக்கு ஆகாது.

ஒரு தாளின் நீளம் 2440 மில்லிமீட்டர். அதனால் இரண்டை நீளவாக்கில் சேர்க்க வேண்டும். சேரும் ஓரங்களைச் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படிய வைத்து ஒட்டுவார்கள். தடிமனைப்போல எட்டு மடங்கு சரிவு, அதாவது 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர். இதைக் கேட்டு பயப்படாதே, இதில் பலகையே உனக்கு வழி சொல்லும். இரண்டு தாளையும் படிக்கட்டு மாதிரி சற்றுத் தள்ளி அடுக்கி, மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு, சேர்த்து இழை. சீவச் சீவ உள் அடுக்குகள் வெளுப்பும் கருப்புமாக வரிவரியாகத் தெரியும். வரிகள் நேராகவும் ஒரே அகலமாகவும் ஓடினால் சரிவு சரி. ஓர் இடத்தில் வரி வளைந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. ஒட்டும்போது முதலில் வெறும் எபாக்சியை இரண்டு முகத்திலும் தடவி, மரம் குடிக்கவிடு. பிறகு மரத்தூள் சேர்த்துக் கெட்டியாக்கியதைப் பூசி அழுத்து. ரொம்ப இறுக்காதே, பசை முழுக்கப் பிதுங்கி வெளியே போய்விட்டால் மூட்டில் ஒன்றும் மிஞ்சாது.

பக்கப்பலகை இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெட்டி, சேர்த்தே இழைத்துவிடு. கோட்டில் சிறு பிசகு வந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்.

இனி கம்பி கட்டும் நாள். இதைத்தான் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படகின் வடிவம் அன்றுதான் முடிவாகிறது. ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே, ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் துளை போடு. செம்புக் கம்பியைக் கோத்து முறுக்கு வெளிப்பக்கம் வரும்படி வை, அப்போதுதான் உள்பக்கம் பசை பூசத் தடையிருக்காது. எல்லாக் கம்பியையும் முதலில் தளர்வாகவே கட்டு. முதல் கம்பியையே இறுக்கினால் கடைசிக் கம்பிக்கு வரும்போது பலகை இழுத்துக்கொண்டு நிற்கும். நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் மாறி மாறிப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. நடுவில் வரைபடம் சொல்லும் அகலத்துக்கு ஒரு குறுக்குக் குச்சி கொடுத்துவிடு. இதற்கு இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும், தனியாக முயற்சிக்காதே.

எல்லாம் இறுகியதும் படகு முறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேரான சட்டம் இரண்டு எடு. ஒன்றை முன்முனைக்குப் பக்கத்திலும் இன்னொன்றைப் பின்முனைக்குப் பக்கத்திலும், இரண்டு பக்க விளிம்பின்மேல் குறுக்கே வை. பத்தடி தள்ளிப் போய், குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்சட்டத்தின் மேல்விளிம்புக்கு மேலே பின்சட்டம் எப்படித் தெரிகிறது என்று பார். இரண்டு கோடும் இணையாக நின்றால் படகு நேர். ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் படகு முறுகியிருக்கிறது. தாழ்ந்த மூலைக்குக் கீழே ஓர் ஆப்பு வை, அல்லது தூக்கி நிற்கும் மூலையில் எடை வை. திரும்பப் போய்ப் பார். ரசமட்டத்தைவிட இந்த இரண்டு சட்டத்தை நான் நம்புவேன். முறுகிய படகு காலமெல்லாம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், ஓட்டுகிறவன் ஒவ்வொரு துடுப்பிலும் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் முனைக்கு முனை ஒரு நூலைக் கட்டி, அடிப்பலகையின் நடுக்கோடு நூலுக்கு நேர் கீழே ஓடுகிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார். மேல்விளிம்பின் வளைவை மட்டும் அளவுநாடாவை நம்பி விடாதே. தூரத்தில் நின்று பார், வளைவு ஓர் இடத்தில் தட்டையானால் கண் சொல்லிவிடும். அன்றைக்கே பசை கலக்காதே. இரவு அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் வெளிச்சத்தில் மறுபடி எல்லாவற்றையும் பார்.

சரி, எபாக்சி. ரெசின் என்ற பசைத் திரவமும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலக்கும் விகிதம் டப்பாவில் போட்டிருக்கும், ஒவ்வொரு தயாரிப்புக்கும் அது வேறு. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் காயவே காயாது, பிசுபிசுவென்று நின்றுவிடும். கலந்ததை ஆழமான கிண்ணத்தில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும், அகலத் தட்டில் ஊற்றிவிடு. சூடு 10 டிகிரி கூடினால் உனக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஆகவே வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கு. கையுறை இல்லாமல் தொடவே கூடாது கண்ணா, இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது. பட்டால் சோப்புப் போட்டுக் கழுவு, தின்னர் வேண்டாம், அது பசையைத் தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் போடு.

கம்பிகளுக்கு நடுவே மட்டும் முதலில் பொட்டுப் பொட்டாக ஒட்டு. இறுகியதும் கம்பிகளை வெட்டி உருவிவிடு, வராத கம்பியைச் சூடு காட்டினால் வந்துவிடும். பிறகு மாவாக அரைத்த மரத்தூளைச் சேர்த்துக் கெட்டியாக்கிய பசையை மூலை முழுக்க நிரப்பி, உருண்டை முனைக் குச்சியால் ஒரே இழுப்பாக இழு. தட்டில் இருக்கும் பசை நிமிர்ந்து நிற்க வேண்டும், வழியக் கூடாது. அது ஈரமாக இருக்கும்போதே 75 மில்லிமீட்டர் கண்ணாடியிழை நாடாவை மேலே படியவைத்து, பசையால் நனை. நனைந்த இடத்தில் நாடா கண்ணாடியாகி மரம் தெரியும். வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே பசை போகவில்லை என்று அர்த்தம். வெளிப்பக்கமும் இதேதான், மூலையை உருட்டிவிட்ட பிறகு நாடா போடு. கூர்மையான மூலையில் நாடா படியாது.

மேல்விளிம்போடு ஓடும் மரப்பட்டையை ஒட்டக் கிளாம்ப் எவ்வளவு இருந்தாலும் போதாது. பிவிசி குழாயை வளையங்களாக அறுத்து ஓர் இடத்தில் கீறிவிட்டால் நல்ல கிளாம்ப். இரண்டு முனையிலும் காற்றுப் புகாத அறை அடைத்துவிடு, படகு கவிழ்ந்து தண்ணீர் நிரம்பினாலும் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். இருக்கையை எவ்வளவு தாழ வைக்க முடியுமோ வை.

எபாக்சி இறுகியபின் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாள் போடு. பலகையின் வெட்டு ஓரங்களுக்கு இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடு, தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். எபாக்சி வெயில் தாங்காது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷோ பெயின்டோ அவசியம்.

முடிந்தபின் 25 கிலோவுக்குள் வந்துவிடும், நீயும் இன்னொருவரும் சுலபமாகத் தூக்கலாம். இரண்டு பேர் ஏறினால் மொத்தம் 170 கிலோ என்று வை, அது 170 லிட்டர் தண்ணீரைத் தள்ளினால் போதும், அரையடி ஆழம்கூட முழுகாது. முதல் தடவை இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, கரையில் ஒருவரை நிறுத்திக்கொண்டு இறங்கு. ஆடினால் எழுந்துவிடாதே, மண்டியிட்டு உட்கார். அதே இடத்தில் வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிடு.

கம்பி கட்டி முடித்ததும், பசை கலக்கும் முன், எனக்கு இரண்டு போட்டோ அனுப்பு. ஒன்று அந்த இரண்டு சட்டமும் தெரியும்படி முன்னாலிருந்து, இன்னொன்று முழு விளிம்பும் தெரியும்படி பக்கவாட்டில். நான் பார்த்துச் சொல்லும்வரை டப்பாவைத் திறக்காதே.

அன்புடன்,
அம்மா