ஆயாவைப் பணிப்பெண்ணாக்கிய திருத்தம்

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும் அதனுடன் வைத்திருந்த பத்துப் பக்க மாதிரித் திருத்தமும் கிடைத்தன. உங்கள் தந்தையாகிய அப்பச்சியின் பர்மா வாழ்க்கையை ஒருவழியாக எழுதி முடித்துவிட்டீர்கள் என்பதில் மிகுந்த மகிழ்ச்சி. பிரதியைச் செம்மைப்படுத்தித் தர ஒருவர் 30,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வேலைக்குப் பணம் கொடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் இவருக்கு வேண்டாம், இப்போதும் வேண்டாம்.

மாதிரிப் பக்கங்களைப் பார்த்தேன். 'ஆயா வீட்டுக்குப் போயிருந்தோம்' என்று நீங்கள் எழுதியதைப் 'பணிப்பெண் வீட்டுக்குப் போயிருந்தோம்' என்று மாற்றியிருக்கிறார். அம்மாவைப் பெற்றவரை நம் பக்கத்தில் ஆயா என்று அழைப்போம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாதது குற்றமன்று, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி கூடப் போடாமல் மாற்றியதுதான் குற்றம். அதேபோல வீட்டின் உட்பகுதியான வளவு என்பதை முற்றம் என்று ஆக்கிவிட்டார், முற்றம் வளவின் நடுவே இருப்பது என்று அறியாமல். கடையில் பொறுப்பாளருக்கு அடுத்த நிலையில் இருக்கும் 'அடுத்தாள்' வெறும் உதவியாளர் ஆகிவிட்டார். கடைநிலை ஊழியரான பெட்டியடிப் பையனாகப் போன அப்பச்சி அடுத்தாளாக உயர்ந்ததுதானே உங்கள் புத்தகத்தின் முதல் பாதி!

அவர் தொடாமல் விட்ட இடம் இன்னும் முக்கியமானது. முதல் பக்கத்தில் அப்பச்சி 1936-இல் கப்பலேறுகிறார். ஒன்பதாம் பக்கத்தில், 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழாவில் அமர்ந்து பேச்சுக் கேட்கிறார். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வட்டித்தொழில் பார்க்கப் போனவர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவது வழக்கம் என்பதால் இது நடந்திருக்கக்கூடியதே. ஆனால் அவர் ஊருக்கு வந்ததையும், மறுபடி புறப்பட்டதையும், அப்போது வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதையும் நீங்கள் எங்குமே சொல்லவில்லை. ஒரு முழு அத்தியாயம் அங்கே எழுதப்படாமல் கிடக்கிறது. அதைக் கண்டு உங்களைக் கேட்பவருக்குத்தான் கூலி கொடுக்க வேண்டும்.

இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றேன். என் முதல் புத்தகத்தை ஒருவரிடம் கொடுத்திருந்தேன், பெயர் இப்போது எதற்கு. இரண்டு மாதம் கழித்து வந்த பிரதியில் பக்கமெல்லாம் சிவப்பு மை. அத்தனையும் க், ச், த், ப் என்ற ஒற்றுகள். அச்சகத்தில் மெய்ப்பு (புரூஃப்) பார்த்துப் பிழைத்த எனக்கே அவர் ஒற்று போட்டுக் கொடுத்ததில் எனக்குச் சிறிது கோபமும் உண்டு. புத்தகம் வந்த பிறகு பள்ளத்தூர்க்காரர் ஒருவர், "முதல் நாற்பது பக்கத்தைத் தாண்டிவிட்டால் நன்றாக இருக்கிறது" என்றார்.

எடிட்டிங் என்ற ஒரே சொல்லில் மூன்று வேலைகளைப் போட்டுக் கட்டிவிடுகிறோம். கதை எங்கே தொடங்குகிறது, எது மிகை, எது விடுபட்டது என்று அமைப்பைப் பார்ப்பது முதல் வேலை. வாக்கியங்களைச் செம்மைப்படுத்துவது அடுத்தது. மெய்ப்பு பார்ப்பதோ பக்கம் வடிவமைத்த பிறகு, கடைசியாகச் செய்வது. அத்தியாயங்கள் இடம் மாறும் முன்பே ஒற்றுப்பிழைக்குப் பணம் கொடுப்பது, சுவர் எழும்பும் முன் பூச்சுக்கு ஆள் பிடிப்பது போன்றது.

'அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது' என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இருந்தது, ஆச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்புப் பக்கத்தில் 'இன்ன வித்துவானால் பார்வையிடப்பட்டு' என்று பார்வையிட்டவர் பெயரையும் அச்சிடுவார்கள். அப்படியும் தப்பியவற்றைப் பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று பட்டியலிட்டு நூலின் இறுதியில் சேர்ப்பார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் இப்போது சென்னை தரமணியில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன. அங்கே போனால் இப்படிப்பட்ட பழைய புத்தகங்களைக் கண்ணால் பார்க்கலாம்.

நியாயமாகப் பார்த்தால் இது பதிப்பகம் தன் செலவில் செய்ய வேண்டிய வேலை. 1974-இல் தொடங்கப்பட்ட க்ரியா பதிப்பகம், அதை நடத்திய எஸ். ராமகிருஷ்ணன் காலத்தில் இந்த வேலைக்காகவே பெயர் பெற்றது. பெரும்பாலான இடங்களில் அதற்கென்று ஆள் இல்லை, அதனால்தான் செலவு எழுதுபவர் தலையில் விழுகிறது. அச்சிடுவதற்கும் திருத்துவதற்கும் சேர்த்து ஒரே தொகை சொல்லும் பதிப்பகத்திடம், திருத்தம் செய்யப்போவது யார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் திருத்தம் நடக்கப்போவதில்லை.

விற்பனையில் இந்தப் பணம் திரும்பி வரும் என்று மட்டும் எண்ண வேண்டாம். விலை 250 ரூபாய், உரிமைத்தொகை பத்து விழுக்காடு, விற்றது 300 பிரதி என்று வைத்துக்கொண்டால் உங்கள் கைக்கு வருவது 7,500 ரூபாய். அறுபதாம் ஆண்டுச் சாந்திக் கல்யாணத்தில் உறவினருக்குக் கொடுக்கும் மலர் என்றால் மெய்ப்பு மட்டும் போதும் என்றே சொல்லியிருப்பேன். நீங்கள் பங்காளிகளையும் தாய்பிள்ளைகளையும் தாண்டி, செட்டியார்கள் கடை வைத்திருந்த ரங்கூன் மொகல் தெருவைக் கேள்விப்பட்டேயிராதவர்களும் படிக்க வேண்டும் என்கிறீர்கள். அதற்கு அந்நியர் ஒருவரின் கண் வேண்டும், அதற்கு விலையும் உண்டு.

முதலில் பிரதியை ஒரு மாதம் எடுத்து வைத்துவிட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் வாக்கியங்களை நீங்களே உடைத்துவிடலாம், அதற்குக் காசு வேண்டாம். பிறகு இரண்டு பேரிடம் கொடுங்கள்: லேவாதேவிக் கணக்கு தெரிந்த பெரியவர் ஒருவர், செட்டிநாட்டையே பார்த்திராத இளையவர் ஒருவர். அதன்பின் ஆள் தேடும்போது ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும், உரிய கூலி கொடுத்து, திருத்தித் தரச் சொல்லுங்கள். திரும்பி வருவதில் எத்தனை திருத்தம் என்று எண்ணாதீர்கள், ஓரத்தில் எத்தனை கேள்வி என்று எண்ணுங்கள். மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்வது நல்லது.

இப்போது பத்துப் பக்கம் திருத்திக் கொடுத்தவருக்கு, அவர் கேட்காவிட்டாலும், அந்த அளவுக்கு உரிய பணத்தை அனுப்பிவிடுங்கள். அப்பச்சி வேலைக்குப் போனபோது எழுதிய ஒப்பந்தமான சம்பளச் சீட்டு மேல்வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எந்த ஆண்டில் கணக்கு முடித்து ஊர் வந்தார் என்பது அதிலிருந்தே தெரியலாம். கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து