மாநிலத் திட்டக் குழுவுக்கு: ஒரே பம்புக்கு மூன்று பெயர்

மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அரசுத் துறை ஒன்றில் தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் தருமபுரி மாவட்டத்தில் கழிந்தது. துறைகள் தனித்தனியே செய்யும் ஆய்வுகள் ஒன்றோடொன்று சேர வழி செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். அங்கே பார்த்த ஒன்றைச் சொல்லிவிட்டு, உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

பென்னாகரம் பக்கம் ஓர் ஊர். மாரியம்மன் கோயிலுக்கு எதிரே ஓர் அடி பம்பு. ஒருநாள் அங்கே பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். குடத்தோடு காத்திருந்த பாட்டி கேட்டார்: "ஏம்பா, போன மாசம் ஒரு பொண்ணு வந்து புடிச்சிட்டுப் போச்சு. அதுக்கு முன்ன ஜீப்புல ரெண்டு பேரு வந்தாங்க. இப்ப நீ வந்திருக்கே. குடிக்கலாமா கூடாதான்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லலியே?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. பிறகு விசாரித்தேன். அந்தப் பெண் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி. ஜீப்பில் வந்தவர்கள் வேறொரு துறைக்காரர்கள். எங்கள் பதிவேட்டில் அந்தப் பம்புக்குப் பெயர் 'கோயில் எதிர்'. அவர்கள் பட்டியலில் 'பள்ளிக்கு மேற்கு'. மாணவியின் ஏட்டில் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும். பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து, மிகுந்தால் பல்லில் கறை ஏற்றும் ஃபுளோரைடு எங்களுக்கு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் வந்தது, மாணவிக்கு 1.8. இந்தியத் தரநிலைப்படி 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கே வழியில்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆக, எங்கள் கணக்கில் தேறிய பம்பு அவர் கணக்கில் தேறவில்லை. நாங்கள் சாயம் கலந்து நிறத்தைப் பார்த்து அளந்தோம், அவர் மின்முனை வைத்து அளந்தார். மாதமும் ஒன்றல்ல. மூன்று தரப்பும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் அரை நாளில் எது சரி என்று தெரிந்திருக்கும். அப்படி உட்கார வைப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

ஃபுளோரைடுக்கு நிறமில்லை, ருசியில்லை. காய்ச்சினால் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை வந்த பிறகே வீட்டாருக்குத் தெரிகிறது. இதற்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் கடனுதவியோடு ரூ.1,900 கோடிக்கு மேல் செலவிட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

அந்தத் தண்ணீர் வந்த பிறகு பல் கறை குறைந்ததா? எவ்வளவு குறைந்தது? எந்த ஊரில் குறையவில்லை? பால் பல் விழுந்து முளைக்கும் முன்பற்கள் ஆறு முதல் எட்டு வயதில் வெளியே வந்தாலும், அவற்றின் எனாமல் உருவாவது பிறந்த முதல் நான்கைந்து ஆண்டுகளில். ஒரு பிள்ளையின் பல், அது கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டில் புழங்கிய தண்ணீருக்குச் சாட்சி. 2005இல் பிறந்த அக்காவையும் 2014இல் பிறந்த தம்பியையும் பக்கத்தில் நிறுத்திப் பல்லைப் பாருங்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, வேறு தண்ணீர். இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. ஆனால் எந்தக் குக்கிராமத்துக்கு எந்த மாதம் முதல் ஒகேனக்கல் தண்ணீர் ஏறியது என்ற விவரம் குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். பிள்ளையின் பிறந்த தேதியும் ஊரும் பள்ளிக்கல்வித் துறையின் பதிவில். பல்லைப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டியவர்கள் சுகாதாரத் துறையினர். எந்த ஒரு துறையும் தனியாக இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்று உண்டு, அது எந்தத் துறையின் படிவத்திலும் அடங்காது. பல வீடுகளில் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், களி கிண்டவும் குழம்பு வைக்கவும் போர் தண்ணீர். குழாயில் வருவது குடிக்க மட்டும் போதும் என்று எடுத்து வைக்கிறார்கள். களி கிண்டும்போது மாவு உறிஞ்சுகிற தண்ணீரைக் கேழ்வரகு மாவில் நானே அளந்து பார்த்திருக்கிறேன், கொஞ்சமில்லை. அடுப்படியில் நின்று பார்க்காமல் குழாய்க் கணக்கை மட்டும் வைத்து 'திட்டம் வெற்றி' என்றோ 'தோல்வி' என்றோ எழுதினால் இரண்டுமே தப்பு.

தமிழ்நாட்டில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. தரமணியில் நீர்வளத்துக்கென்று ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவை போக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், அரசுத் திட்டங்களை மதிப்பிடுவதற்கென்றே ஒரு தனித் துறை. நிலத்தடி நீர்மட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நீர்வளத் துறை அளக்கிறது, குடிநீர் வடிகால் வாரியம் அளக்கிறது, மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. அளக்கிறவர்களின் உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் டேப்பை இறக்கி அளந்தவன் நான். அந்த எண்கள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஓர் அலுவலகத்திடம் ஆழ்துளைக் கிணறுகளின் ஆழ விவரம் கேட்டு எழுதினேன். ஆழம் தெரியாமல் ஃபுளோரைடு எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்று சொல்வது கடினம். 'மேலிட அனுமதி பெற்று விண்ணப்பிக்கவும்' என்று பதில். அனுமதி வாங்கி அனுப்பினேன், அலுவலர் மாறிவிட்டார். புதியவர் மறுபடி முதலிலிருந்து கேட்டார். பதினான்கு மாதம் ஓடிற்று. இதற்கிடையில் அந்த மாணவி பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, அதே விவரத்தை என்னைவிடச் சீக்கிரம் வாங்கிவிட்டார். அரசுக்குள்ளே ஒரு கை இன்னொரு கையிடம் கேட்பதைவிட வெளியிலிருந்து கேட்பது சுலபமாக இருக்கிறது. ஆனாலும் அந்த அலுவலர்களைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. விவரம் கொடுத்துப் பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கொடுக்காமல் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

இந்த மாநிலம் இதைச் செய்யத் தெரியாத மாநிலமும் அல்ல. 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு உடனே சத்துணவு. ஊரில் எடை போட்டவருக்கே அந்த எண்ணால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

1971இல் உங்கள் குழு அமைந்தது. முதலமைச்சரே தலைவர். துறைகளுக்கு மேலே நின்று பார்க்கக்கூடிய இடம் உங்களுடையது, ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆய்வும் தொடங்கும் அன்றே உங்களிடம் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும்: எந்த ஊரில், எதைப் பற்றி, எப்போது முடியும். எல்லாத் துறைகளுக்கும் ஒவ்வொரு பம்புக்கும் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரே எண் வேண்டும், அந்த எண் பம்பின் மேலேயே பெயிண்டில் எழுதப்பட வேண்டும். ஒரு துறை கேட்கும் விவரத்தை இன்னொரு துறை முப்பது நாளில் கொடுக்க வேண்டும், கொடுத்த அலுவலருக்கு அரசாணையின் பாதுகாப்பு வேண்டும். மாவட்டங்களில் புள்ளியியல் துணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது, புதிதாக ஒரு கட்டடமும் தேவையில்லை. முடிவு வந்ததும் அந்த ஊர்க் கிராம சபையில் படிக்க வேண்டும். இதை நான் கடைசியில் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

தருமபுரியிலிருந்தே தொடங்குங்கள். எந்தப் பம்புக்கு எந்தத் துறையில் என்ன பெயர் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதிய நான்கு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. வேலையோடு வேலையாக எழுதியவை, கையெழுத்து கொஞ்சம் கிறுக்கல். கூப்பிட்டால் கொண்டுவந்து பக்கம் பக்கமாக உட்கார்ந்து விளக்குகிறேன். 'கோயில் எதிர்' முதல் நோட்டில், ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீர்ப் பகுப்பாய்வாளர்,
தருமபுரி மாவட்டம்