கடைமடையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வெள்ளகோவில் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை எழுதுகிறேன். கடந்த டிசம்பரில் எங்கள் பிள்ளைகள் 38 பேரும் ஆனைமலைக் காட்டுக்குள் நடந்து பார்த்துவிட்டு நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தார்கள். ஆளாளுக்கு ஒரு கை கொடுத்ததால் நடந்த காரியம் இது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்ல முடியாததால் இந்த மடல்.

எங்கள் ஊர் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டப் பாசனத்தின் கடைமடை. எங்கள் பாசன மண்டலத்துக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்றால் இங்கே வீட்டு விசேஷத்தைக்கூடத் தள்ளிவைப்பார்கள். அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகளிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "திருமூர்த்தி டேம், டீச்சர்" என்பதோடு பதில் நின்றுவிடும். டேமுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று காட்டத்தான் கிளம்பினோம்.

பஸ் வாடகையைப் பாசன சபைப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். "தண்ணி பொறக்கிற எடத்தை நாங்களே பாத்ததில்லை, புள்ளைங்களாச்சும் பாக்கட்டும்" என்று ஒருவர் சொன்னார். அனுமதிக் கடிதங்களுக்காக அலைந்த தலைமை ஆசிரியருக்கும், காட்டுக்குள் செல்ல அனுமதி தந்த வனத்துறையினருக்கும் நன்றி. அட்டைக்கடிக்குப் பயந்து பாதிப் பெற்றோர் பின்வாங்கியபோது, காடாத் துணியில் முழங்கால் வரை வரும் உறைகளை எல்லோருக்கும் தைத்துக் கொடுத்த டெய்லர் அக்காவுக்கு என்ன சொல்ல? உறையின் மேல் ஏறிய அட்டைகள் வழி தெரியாமல் அல்லாடியதைப் பையன்கள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். யார் காலில் அதிகம் என்பதில் போட்டி வேறு.

டிரைவர் அண்ணா, ஆழியாறு தாண்டியதும் வரும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் பிள்ளைகளின் வயிறு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். முகம் சுளிக்காமல் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தீர்கள். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி, கீழே கிடந்த ஆழியாறு அணையைக் காட்டினீர்கள். பாறை விளிம்பில் வரையாடு நின்றதை முதலில் பார்த்ததும் நீங்கள்தான். நம் மாநில விலங்கைப் புத்தகத்தில் மட்டுமே கண்டிருந்தவர்கள் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். அந்த ஐந்து நிமிஷம் வகுப்பில் எனக்குக் கிடைத்தால் போதும்.

அதிகம் கடன்பட்டது எங்களை மழைக்காட்டுக்குள் அழைத்துப்போன வேட்டைத் தடுப்புக் காவலருக்கு. காடர் பழங்குடியில் பிறந்தவர், பேச்சு குறைவு. தேயிலைச் சரிவில் ஒத்தையடிப் பாதை மேல் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தார். செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு அது கீழே ஓடியது. காட்டுக்குள் வந்ததும் இன்னொரு பாட்டிலை மட்கிய இலைகள் மேல் ஊற்றினார். ஒரு சொட்டுகூட நகரவில்லை. பிறகு கையை விட்டு ஒரு பிடி சருகும் மண்ணுமாக அள்ளி, ஒரு மாணவியின் உள்ளங்கையில் பிழிந்தார். கறுத்த தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. "மழ நின்ன பொறவும் இதுதாம்மா ஓடைக்குக் கொஞ்சங் கொஞ்சமா விடுது" என்றார். நான் மூன்று பாடவேளை நடத்தியும் ஏறாதது ஒரு பிடி மண்ணில் ஏறிவிட்டது.

அந்த இடத்திலேயே காலண்டர் அட்டையின் பின்பக்கம் பிள்ளைகள் வழித்தடம் வரைந்தார்கள்: நீராறு, மேல் சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, சர்க்கார்பதி மின்நிலையம், காண்டூர் கால்வாய், திருமூர்த்தி அணை, கடைசியில் எங்கள் வாய்க்கால். நடுநடுவே மலையைக் குடைந்து போகும் சுரங்கங்களும் உண்டு. இத்தனை கைமாறி வரும் தண்ணீருக்கா மடையில் மண்வெட்டியோடு சண்டை போடுகிறோம் என்று ஒருத்தி கேட்டாள். பாசன சபையார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருவாச்சிப் பறவையும் கண்டோம். தலைக்கு மேல் அது பறந்தபோது சிறகோசை பழைய நீராவி எஞ்சின் போலக் கேட்டது. காலியாக இருந்த மரப்பொந்தைக் காட்டி, பெட்டை உள்ளே போய்த் தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்வதையும், விடப்பட்ட சின்னக் கீற்று வழியாக ஆண் அத்திப்பழம் ஊட்டுவதையும் காவலர் விவரித்தார். மாணவிகள் அந்த ஆணை வெகுவாகப் பாராட்டினார்கள்.

வால்பாறை பக்கத்துப் புதுத்தோட்டத்தில், சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பாலத்தில் சிங்கவால் குரங்குகள் கடந்ததைப் பார்க்க, வண்டிகளை மெதுவாக்கச் சொல்லிக் கையசைத்த ஊழியருக்கும் நன்றி. யானை நடமாட்டம் இருந்தால் எரியும் சிவப்பு விளக்கு எங்கே இருக்கிறது, அதைச் செல்போனிலேயே எப்படி எரியவிடுகிறார்கள் என்று பொறுமையாக விளக்கிய தோட்டத் தொழிலாளி அண்ணாவுக்கும்தான்.

இரவு தங்க இடமும் சூடான வெந்நீரும் தந்த எஸ்டேட் லைன் வீட்டு அக்காமாரே, மறுநாள் காலை நீங்கள் தக்காளி சாதம் கட்டிக் கொடுத்த இரண்டு தூக்குப்போசிகள் எங்களிடமே தங்கிவிட்டன. கழுவி, தலைமை ஆசிரியர் அறையில் பத்திரமாக வைத்திருக்கிறோம். வால்பாறைப் பக்கம் வருகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கள் ஊர் முருங்கைக்காய் போசிக்குள் அடங்காது, தனிக் கட்டாகச் சேர்த்து அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரும் வகுப்பாசிரியையும்